பற்று ஏட்டில் அடங்காத நட்டம்

வியாபாரத்தில் நட்டம் இரண்டு வகை. நம் தவறால் வருவது ஒன்று. விலை இறங்கும் நேரத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினோம், ஆள் தெரியாமல் கடன் கொடுத்தோம், கணக்குப் பார்க்காமல் விட்டோம் என்று அதற்குக் காரணம் சொல்லிவிடலாம். மற்றொன்று, நாம் ஒரு தப்பும் செய்யாமலே கடை வாசலில் வந்து நிற்பது. முதல் வகை பணத்தைத்தான் கொண்டுபோகும். இரண்டாவது வகை மனதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். "நமக்கு ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு எந்தப் பேரேட்டிலும் விடை கிடையாது.

கோட்டைப்பட்டினம் கடைவீதியில் கல்லாவில் உட்காருபவர்களுக்கு இதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரே இரவில்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களோடு நமது புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. சாலைகளில் மரங்கள் கிடந்தன. சரக்கு லாரி வர வழியில்லை. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கூரை பிரிந்த கடைகளில் சர்க்கரை பாகாகியது, மாவு மூட்டை கல்லாகியது.

அது கடைக்குள் நடந்த நட்டம். கடைக்கு வெளியே நடந்ததுதான் பெரிது. தென்னந்தோப்பு சாய்ந்தவருக்கு மறுபடி கன்று வைத்துக் காய் பறிக்கப் பல ஆண்டுகள் ஆகும். படகு உடைந்தவருக்குத் தொழிலே இல்லை. அவர்கள் எல்லாரும் நம் பற்று ஏட்டில் பெயர் உள்ளவர்கள். அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்தால் நம் கல்லாவும் காய்ந்துபோகும்.

தெரிந்த துன்பமும் தெரியாத துன்பமும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாளானது. இது கஷ்டம்தான், ஆனால் தேதி தெரிந்த கஷ்டம். பங்குனியிலேயே இருப்பைக் குறைத்து, மொத்தக் கடைக்காரரிடம் தவணை பேசிவைத்து, சமாளித்துவிடுகிறோம்.

தேதி தெரியாமல் வருவதுதான் கொடியது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு ஒன்று இலங்கைக் கடற்படைப் படகுடன் ஏற்பட்ட மோதலில் மூழ்கி, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இவ்வூர்ப் படகு இன்னொன்று மூழ்கி ஒருவர் பலியானார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, படகை இழந்து, அக்கரைச் சிறையில் இருந்தவர்கள் பலர். எதிர்க்கரையில் வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. அவரும் நம்மைப் போல ஒரு கடையில் கடன் வைத்திருப்பார்.

இங்கே மளிகைக்காரருக்கு ஒரு சோதனை. ஏட்டில் ஏற்கெனவே பெரிய பாக்கி. குடும்பத் தலைவர் சிறையில். அந்த வீட்டுப் பெண் பையோடு வந்து ஓரமாக நிற்கிறார். கொடுத்தால் நமக்கு நட்டம். மறுத்தால் இரவு தூக்கம் வராது.

நாம் கண்ட வழி

இதில் அடிபட்டு அடிபட்டு நம் வியாபாரிகள் கற்றுக்கொண்ட முறை இது. பழைய பாக்கிக்கு ஒரு கோடு போட்டு மூடி, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்வது. கடனுக்குச் சட்டப்படி மூன்றாண்டுதான் ஆயுள். அது முடியும் முன் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். பிறகு புதுப் பக்கம் திறந்து அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மட்டும் வாரத்துக்கு இவ்வளவு என்று அளவாகக் கொடுப்பது. நம் கைக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அந்த அளவு. அதை அவரிடமே கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும். இனி வராது என்று நிச்சயமான தொகையை வாராக் கடனில் எழுதிவிட்டு, மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். போன பணத்தைத் தினமும் எண்ணிக்கொண்டிருப்பவர், இருக்கிற சரக்கையும் சரியாக விற்க மாட்டார். முகம் சுளிக்கும், பேச்சு கடுக்கும், வந்த வாடிக்கையாளரும் அடுத்த கடைக்குப் போவார்.

துன்பம் நம்மைத் திருத்தவும் செய்தது. கஜாவுக்குப் பிறகு சரக்கைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் ஏற்றியவர்கள் உண்டு. பற்று ஏட்டை வீட்டில் ஒரு பிரதி வைத்தவர்கள் உண்டு. காப்பீடு என்றாலே வீண் செலவு என்றவர்கள் பாலிசி எடுத்தார்கள். 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில் செய்வோருக்கென்று வந்துள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில், 5 கோடி ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட கட்டடமும் சரக்கும் புயல், வெள்ளம் உட்பட்ட சேதங்களுக்குக் காப்பீடு பெறலாம். எடுக்காதவர்கள் அடுத்த ஐப்பசிக்கு முன் விசாரிப்பது நலம்.

இருட்டாய்க் கிடந்த நாட்களில் மெழுகுவர்த்தியைப் பழைய விலைக்கே விற்ற கடையை மக்கள் மறக்கவில்லை. அந்த வாரத்தில் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் லாபம் சொற்பம். சம்பாதித்த பெயர் பல ஆண்டு வியாபாரம்.

துன்பம் ஏன் வந்தது என்ற கணக்கு நமக்குத் தெரியப்போவதில்லை. புயல் நல்லவர் கடை, கெட்டவர் கடை என்று பார்த்து வீசவில்லை. வந்த பிறகு நாம் எப்படி நடந்துகொண்டோம் என்ற கணக்கு மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கு நேராக இருந்தால், கல்லாவில் காசு குறைந்த நாளிலும் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.