பால்வாடியில் சோப்பு எங்கே இருக்கிறது?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்களுக்கு அங்கன்வாடி பெரிய துணை. அங்கே 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கலோரியும் புரதமும் உள்ள உணவு தரவேண்டும் என்று அளவு இருக்கிறது. மாதாமாதம் எடை பார்க்கவும் விதி இருக்கிறது. சாப்பிடும் கையைக் கழுவவைப்பதிலும் அதே கண்டிப்பு வேண்டும். அதைத் தாய்மார்களுக்குச் சொல்லும் அறிவுரையோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு பிள்ளை வாயில் வைத்த பொம்மையை அடுத்த பிள்ளை எடுக்கும் இடம் அது. ஒருவருக்கு வந்த பேதி நாலு வீட்டுக்குப் போகும், நாலு தாய்மார் கூலியை இழப்பார்கள்.

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வொன்று 2005-இல் வெளியானது. சோப்பும் கை கழுவும் பயிற்சியும் பெற்ற வீடுகளில் 15 வயதுக்குட்பட்டோரின் வயிற்றுப்போக்கு 53 சதவீதமும், 5 வயதுக்குட்பட்டோரின் நிமோனியா 50 சதவீதமும் குறைவாக இருந்தன. கிருமிநாசினி சோப்பு, சாதாரண சோப்பைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. ஆகவே விலை ஒரு தடையே அல்ல. துணி துவைக்கும் பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்தாலும் போதும். வங்கதேசத்தில் இது நடைமுறையில் உள்ள வழி. ஆனால் ஒரே பேசின் தண்ணீரில் எல்லாக் கைகளையும் முக்கி, ஒரே துண்டில் துடைப்பது கிருமியைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். தண்ணீர் மேலிருந்து ஊற்றி ஓடவேண்டும்.

மண்ணில் புரளும் பிள்ளைக்குத்தான் எதிர்ப்புச் சக்தி வரும் என்பார்கள். புரளட்டும், யாரும் தடுக்க வேண்டாம். மலத்திலிருந்து வாய்க்குப் போகும் கிருமி வேறு விஷயம். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும் சாப்பாட்டுக்கு முன்பும் சோப்பு போட்டால் அந்த வழி அடைபடும். 2018-இல் வெளிவந்த வங்கதேச, கென்ய ஆய்வுகளில் கை கழுவியதால் பிள்ளைகள் கூடுதலாக வளரவில்லையே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், உயரம் கூடவில்லை. கென்யாவில் வயிற்றுப்போக்கும் குறையவில்லை. ஆனால் வங்கதேசத்தில் அது தெளிவாகக் குறைந்தது. நோயில்லாத நாள் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதே எனக்குப் போதுமான காரணம். சமையல், கூட்டுவது, பிள்ளைகளைக் கவனிப்பது என்று ஆயாவுக்கு நேரமில்லை என்பதும் நியாயமே. அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது அநியாயம். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு குழாயும் கைக்கு எட்டும் சோப்பும் இருந்தால் பிள்ளைகளே வரிசையில் நின்று கழுவிக்கொள்வார்கள். அடுத்த முறை பிள்ளையை விடப் போகும்போது சோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலமாரிக்குள் இருந்தால் டீச்சரிடம் சொல்லி வெளியே எடுத்து வையுங்கள்; குழாயே இல்லையென்றால் தாய்மார்கள் சேர்ந்து கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு கொடுங்கள்.