சாய்ந்த கோட்டுக்குச் சரியான அளவு

100 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை ஆட்டோகேடில் ஐசோமெட்ரிக் முறையில் வரைந்து, அதன் கீழ் விளிம்புக்கு வழக்கமான லீனியர் டைமென்ஷன் கொடுத்துப் பாருங்கள். 100 வராது, 86.6 என்று வரும். மவுஸைப் பக்கவாட்டில் இழுத்தால் 50 என்று காட்டும். மென்பொருளில் கோளாறு எதுவுமில்லை. அந்த விளிம்பு தாளில் 30 டிகிரி சாய்ந்து கிடக்கிறது. கிடைமட்டமாக எவ்வளவு நகர்கிறது, செங்குத்தாக எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து சொல்கிறது கணினி. நம் கண்ணுக்குக் கனசதுரமாகத் தெரிவது அதற்கு வெறும் ஒன்பது கோடுகள்.

ஐசோமெட்ரிக் வரைதலின் விதிகளை 1822-இல் கட்டுரையாக எழுதியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ். இயந்திர மாதிரிகளை வைத்துப் பாடம் நடத்தியவர் அவர். ஒரே உதிரிபாகங்களைக் கழற்றி, வேறு வேறு இயந்திரங்களாக மாற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. உதவியாளர்கள் பார்த்துப் பூட்டுவதற்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே ஸ்கேலில் காட்டும் படம் தேவைப்பட்டது. ஐசோமெட்ரிக்கில் மூன்று அச்சுகளும் தாளில் 120 டிகிரி இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே மூன்றும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன, ஏறத்தாழ 81.6 சதவீதத்துக்கு. வரைபவர்கள் அந்தச் சுருக்கத்தையும் விட்டுவிட்டு, அச்சுகளின் வழியே முழு அளவிலேயே வரைகிறார்கள்.

அதனால் அச்சை ஒட்டிய கோட்டுக்கு, கோட்டின் போக்கிலேயே அளக்கும் அலைன்டு டைமென்ஷன் போட்டால் 100 சரியாக வந்துவிடும். ஆனால் அளவுக்கோட்டின் இருபுறமும் நிற்கும் நீட்டிப்புக் கோடுகள் விளிம்புக்குச் செங்குத்தாக நீண்டு, எந்த முகத்திலும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். படத்தைப் படிப்பவர் இது மேல்முகத்தின் அளவா, பக்கமுகத்தின் அளவா என்று திகைப்பார். டிம்எடிட் கட்டளையில் ஆப்லிக் என்பதைத் தேர்ந்து கோணம் கொடுக்க வேண்டியது இங்கேதான். 30 டிகிரி விளிம்பு வலது முகத்துக்குரியது என்றால் 90 கொடுங்கள். நீட்டிப்புக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும். மேல்முகத்துக்குரியது என்றால் 150. அவை மற்ற அச்சின் திசையில் படுத்துக்கொள்ளும். எழுத்துக்கும் சாய்வு வேண்டும். முதல் இடத்தில் 30, இரண்டாவதில் மைனஸ் 30. இதற்கென்று இரண்டு டெக்ஸ்ட் ஸ்டைல்களை முன்பே செய்து வைத்துக்கொண்டால் வேலை ஓடும். சாய்வு சரியாக அமைந்துவிட்டால், பெட்டியின் மேல் பெயின்டால் எழுதியதுபோல் எண் அந்த முகத்திலேயே உட்கார்ந்துவிடும்.

உண்மையான ஆபத்து அச்சை விட்டு விலகும் கோடுகளில் இருக்கிறது. அதே கனசதுரத்தின் மேல்முகத்தில் இரண்டு மூலைவிட்டங்கள் உண்டு. நிஜத்தில் இரண்டும் 141.4. படத்திலோ ஒன்று 173.2, மற்றது 100. அலைன்டு டைமென்ஷன் இந்த எண்களைத் தயங்காமல் அச்சிடும். பட்டறையில் ஒருவர் அதை நம்பி இரும்பை அறுத்தால், அறுத்த இரும்பு வீண். கோணங்களுக்கும் இதே கதி: 90 டிகிரி மூலை படத்தில் 60 அல்லது 120 ஆகத் தெரியும். வட்டம் நீள்வட்டமாகிவிடுவதால் அதன் விட்டத்தை லீடர் கோடு போட்டுக் கையால் எழுதுவது வழக்கம். மூலைவிட்டத்தின் எண்ணையும் கையால் திருத்தலாம்தான். ஆனால் பின்னால் படத்தை மாற்றும்போது திருத்திய எண் மாறாது. மூலைவிட்டத்தை அளக்காமல், அதன் இரு முனைகளையும் அச்சுகளின் வழியே தனித்தனியாக அளந்து கொடுப்பதே நேர்மையான வழி என்பேன்.

சுத்திகரிப்பு ஆலைகளின் குழாய் வரைபடங்களில் இந்த வழியே வழக்கமாகிவிட்டது. அவை ஸ்கேலுக்கு வரையப்படுவதில்லை. நீளக் குழாய் குட்டையாகவும் இருக்கலாம், அளவு எண் மட்டுமே பேசும். குழாய் அச்சை விட்டுக் குறுக்கே திரும்பும் இடத்தில், அதை ஒட்டி ஒரு முக்கோணம் வரைந்து உள்ளே கோடுகள் நிரப்புகிறார்கள். அது எந்தத் தளத்தில் திரும்புகிறது என்று முக்கோணம் காட்டும். முக்கோணத்தின் அச்சுவழிப் பக்கங்களில் எழுதிய அளவுகளை வைத்து ஃபிட்டர் குழாயை வெட்டுகிறார்.