பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: மாற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழைய புரோட்டோன் வீரா காரை ஆசையோடு பராமரிக்கும் இளைஞர்கள் நம் நாட்டில் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஸ்போர்ட் ரிம் போட்டாகிவிட்டது, இருக்கையும் மாற்றியாகிவிட்டது. அடுத்து அவர்கள் கண் போவது பின் சக்கரத்தின் மேல். அங்கே இருக்கும் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட வேண்டும் என்பார்கள். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் கார் சட்டென்று நிற்கும் என்பது அவர்களின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? பணத்தைச் செலவழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

டிரம் பிரேக் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வட்டச் சட்டி. அதன் உள்ளே பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கின்றன. பிரேக்கை மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உள்சுவரை உரசும். டிஸ்க் பிரேக்கில் சுழல்வது ஓர் இரும்புத் தட்டு. கேலிப்பர் என்னும் பிடி, இரு பக்கத்திலிருந்தும் பிரேக் பேட்டை வைத்து அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கிறது.

தட்டு காற்றில் திறந்திருப்பதால் சூடு விரைவில் தணியும். மழைத் தண்ணீர் பட்டாலும் உடனே உலர்ந்துவிடும். பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. திடீர் வெள்ளத்தில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் பிரேக் சிறிது நேரம் சரியாகப் பிடிக்காது. இவையெல்லாம் டிஸ்க் பிரேக்கின் உண்மையான நன்மைகள்.

ஆனால் டிரம் பிரேக்குக்கும் ஒரு தனித்திறமை உண்டு. சக்கரம் சுழலும் வேகமே ஒரு ஷூவை இழுத்துக்கொண்டு போய் டிரம்மின் மீது மேலும் அழுத்துகிறது. அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நல்ல பிடி கிடைக்கிறது. டிஸ்க்கில் இந்த உதவி இல்லை. அதே பிடி வேண்டுமானால் அதிக விசை கொடுக்க வேண்டும். இதை மறந்துவிடுவதில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

பிரேக் பிடிக்கும்போது எடை எங்கே போகிறது?

பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? காரின் எடையும் அப்படியே முன்பக்கம் சாய்கிறது. 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் சக்கரங்களில் 600 கிலோவும் பின் சக்கரங்களில் 400 கிலோவும் இருக்கிறது. காய்ந்த சாலையில் பலமாகப் பிரேக் பிடித்தால் முன்பக்கத்தில் ஏறக்குறைய 780 கிலோ ஏறிவிடும். பின்பக்கத்தில் மிஞ்சுவது 220 கிலோதான்.

அப்படியானால் பின் டயர்கள் சாலையைப் பிடித்துக்கொள்ளும் சக்தியும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக்கே அந்தச் சக்கரத்தைப் பூட்டிப்போட போதுமானது. அதற்கு மேல் எவ்வளவு பலமான பிரேக் வைத்தாலும், காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிதான். ஆகவே பின் சக்கரத்தில் டிஸ்க் போட்டதால் மட்டும் கார் நிற்கும் தூரம் பெரிதாகக் குறைந்துவிடாது.

கார் நிறுவனங்கள் வெறும் சிக்கனத்துக்காக மட்டும் டிரம் வைக்கின்றன என்று எண்ணிவிட வேண்டாம். வோக்ஸ்வாகன் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஐடி.4 மின்சாரக் காரின் பின் சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் இருக்கிறது. மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக்குக்கு வேலை குறைவு. அடிக்கடி பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும். மூடியிருக்கும் டிரம்முக்கு அந்தக் கவலை குறைவு.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் ஸ்டீரிங் வேலை செய்யாது. ஆனாலும் கார் பெரும்பாலும் நேராகச் சறுக்கும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டாலோ காரின் வால் திரும்பிவிடும். மழை நாளில் விரைவுச்சாலையில் இப்படி நடந்தால், கண் மூடித் திறப்பதற்குள் கார் சுழன்று எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும்.

இதைத் தடுக்கத்தான் பல கார்களில் பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வால்வை வைத்திருக்கிறார்கள். அந்த வால்வு டிரம்முக்காகக் கணக்கிடப்பட்டது. டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டினால் கணக்கு மாறிவிடுகிறது. கேலிப்பர் பெரிதாக இருந்தால் பின் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். சிறிதாக இருந்தால், செலவு செய்தும் முன்பைவிடக் குறைந்த பிடியே கிடைக்கும். ஏபிஎஸ் உள்ள கார்களில் அந்தக் கருவியும் பழைய பிரேக்குக்கு ஏற்பவே அமைக்கப்பட்டிருக்கும்.

மாஸ்டர் பம்ப்பையும் கவனிக்க வேண்டும். பெரிய கேலிப்பரை நகர்த்த அதிக பிரேக் எண்ணெய் தேவை. பம்ப் சிறிதாக இருந்தால் மிதிகட்டை ஆழமாக இறங்கும்.

கைப்பிரேக்கை மறந்துவிடாதீர்கள்

பலர் கவனிக்காத பகுதி இதுதான். டிரம்மில் கைப்பிரேக் எளிமையானது, பிடியும் உறுதியானது. டிஸ்க்கில் கைப்பிரேக் வேண்டுமானால், அதற்கென்றே நெம்புகோல் அமைந்த கேலிப்பர் வேண்டும். அல்லது தட்டின் நடுவே சிறிய டிரம் வைத்த அமைப்பு வேண்டும். கேபிளும் அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்து, சூடான டிஸ்க்கோடு காரைச் சரிவில் நிறுத்துகிறீர்கள். தட்டு ஆறும்போது சற்றே சுருங்கும். கைப்பிரேக்கின் பிடியும் தளரும். டிரம்மில் இதற்கு நேர்மாறு. டிரம் சுருங்கும்போது ஷூவை மேலும் இறுக்கிப் பிடிக்கும். எனவே டிஸ்க்குக்கு மாறியவர்கள் சரிவில் கைப்பிரேக்கைப் பலமாக இழுத்து, கியரையும் போட்டு, சக்கரத்தை ஓரக்கல் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். பின்னால் நிற்பது யாருடைய குழந்தையோ!

மாற்றியே தீருவது என்றால்?

ஒவ்வொரு பொருளையும் ஒவ்வோர் இடத்தில் வாங்கி ஒட்டுப்போடக் கூடாது. அதே வகைக் காரில் நிறுவனமே பின் டிஸ்க் வைத்து விற்ற மாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்ரியா ஜிடிஐ போன்ற கார்களில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தது. பழைய உதிரிப்பாகக் கடையிலும், ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்' கடையிலும் வாங்கும்போது டிஸ்க், கேலிப்பர், கைப்பிரேக் கேபிள், மாஸ்டர் பம்ப், வால்வு எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து ஒரு தொகுதியாகக் கேட்டு வாங்குவதே நல்லது. ரிம்முக்குள் கேலிப்பர் அடங்குமா, போல்ட் துளைகளின் இடைவெளி ஒத்துப்போகுமா என்றும் அளந்து பார்க்க வேண்டும். பழைய கேலிப்பரின் ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் பிரேக் சோதனைக் கருவி உள்ள பட்டறையில் இடது, வலது சக்கரங்களின் பிடியையும் கைப்பிரேக்கையும் அளந்து பார்ப்பது அவசியம். மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம், அனுமதி தேவைப்படாத மாற்றம், அனுமதி தேவைப்படும் மாற்றம், செய்யவே கூடாத மாற்றம் என வகைப்படுத்தியிருக்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். இல்லையேல் இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரலாம்.

முதலில் செய்ய வேண்டியது

கார் சரியாக நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம் டிரம்மின் மேல் விழ வேண்டியதில்லை. டயர் தேய்ந்திருக்கலாம். முன் சக்கர பேட் மலிவானதாக இருக்கலாம். டிரம்மின் உள்ளே தூசி சேர்ந்து, ஷூவின் இடைவெளி சரிசெய்யப்படாமல் இருக்கலாம். பிரேக் எண்ணெய் பழையதாகிப்போயிருக்கலாம். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய்க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகோ அது 140 பாகை வரை இறங்கிவிடலாம். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது எண்ணெய் கொதித்தால், மிதிகட்டை தரை வரை போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதும், இறக்கத்தில் குறைந்த கியரில் வருவதும் இதற்கு மருந்து.

இந்த நான்கையும் சரிசெய்ய ஆகும் செலவு, டிஸ்க் மாற்றும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். அவற்றைச் செய்து முடித்த பிறகும் ஆசை இருந்தால், முறையாக, முழுமையாக மாற்றிக்கொள்ளலாம். அரைகுறையாகச் செய்த பிரேக் வேலையின் விலையைக் காரில் இருப்பவர் மட்டும் கொடுப்பதில்லை. சாலையில் எதிரே வருபவரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.