நெடுஞ்சாலை ஒதுக்கிய ஊர்

சேலம்–கொச்சி நெடுஞ்சாலை திருப்பூருக்குள் நுழைவதில்லை. வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, அவிநாசி வழியாகவே போகிறது. வெளிநாடுகளுக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்பும் ஊர் இப்படிப் பெருஞ்சாலைக்கு ஒதுங்கி நிற்பதற்குப் பின்னால் நெடிய வரலாறு இருக்கிறது.

பழைய வணிகர்களுக்கு வழிகாட்டி, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறுதான். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தவர்கள், ஆற்றை ஒட்டியே கிழக்கே நடந்து கரூரை அடைந்தார்கள். 1842-இல் வெள்ளலூரில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகளும், 1913-இல் திருப்பூருக்குக் கிழக்கே கத்தாங்கண்ணியில் 233 வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. இரண்டும் நொய்யல் கரை ஊர்கள்.

இன்னும் கிழக்கே, சென்னிமலைப் பக்கம் கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. 1985-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழக அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகள் செய்த பட்டறைத் தடயங்களும் வெளிவந்தன. பச்சைக்கல்லுக்கு மணி செய்தவர்கள் அலையவில்லை. காங்கயத்தை அடுத்த படியூரிலேயே கிடைத்தது. குழிகளிலிருந்து சுடுமண் தக்களி வட்டுகளும் வந்தன. அவற்றில் ஒன்றின் நடுவில் இரும்புக் கம்பி செருகியபடியே இருந்தது. ஆக, இந்தக் கரையில் நூல் நூற்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

சோழர் காலத்திலும் இந்த வணிகத் தடம் ஓயவில்லை. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் உள்ள பாறைக் கல்வெட்டு, 'இராசகேசரிப் பெருவழி' என்று அதற்குப் பெயரே சொல்கிறது.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் கொங்கு நாடு கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. வெள்ளைக்காரர் காலத்து நெடுஞ்சாலை பெருந்துறை, அவிநாசி, கோவை என்று வடக்குத் தடத்தில் நிலைத்தது. வண்டிகளும் பயணிகளும் அவிநாசியில் நிற்க, ஆற்றங்கரைத் திருப்பூர் சிற்றூராகவே கிடந்தது.

அந்த நிலையை மாற்றியது ரயில். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் சென்ற பாதை 1862-இல் முழுமையானது. அது அவிநாசியை விட்டுவிட்டு ஈரோடு, ஊத்துக்குளி, திருப்பூர் வழியாகப் போத்தனூரை அடைந்தது. பஞ்சு மூட்டைகள் ஸ்டேஷனைத் தேடி வந்தன. பின்னாலேயே வியாபாரிகள் வந்தார்கள், ஜின்னிங் ஆலைகளும் வந்தன. 1920-களில் கதருக்குப் பெயர்பெற்ற ஊரானது திருப்பூர். பனியன் பின்னும் எந்திரங்களும் அதே பத்தாண்டில்தான் ஓடத் தொடங்கின. 1932 ஜனவரியில் விடுதலைப் போராட்டக் கொடியோடு ஊர்வலம் போய்த் தடியடியில் உயிர்விட்ட குமரனுக்கு நினைவகம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பக்கத்துக் காதர்பேட்டையில், ஏற்றுமதியில் கழிந்த டி-சர்ட்டுகளை மூட்டை மூட்டையாகக் குவித்துப் பேரம் பேசி விற்கிறார்கள்.

வண்டித்தடம் போய்த் தண்டவாளம் வந்தபோதும் ஊருக்கு ஆறு தேவைப்பட்டது. சாயம் ஏற்றத் தண்ணீர் வேண்டும். கழிவைக் கொட்ட இடம் வேண்டும். இரண்டுக்கும் அகப்பட்டது நொய்யல். கொடுமணலுக்கு அருகிலேயே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுக் குட்டையானது. விவசாயிகள் வழக்குமேல் வழக்காக நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்த வழி செய்த பட்டறைகளே பின்னர் திறந்தன.

அந்தப் பட்டறைகளுக்கு வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு, பவானிப் பக்கம் காவிரியில் எடுத்துக் குழாயில் கொண்டுவரப்படுகிறது.