மீகடத்தி: கூற்றும் சோதனையும்

கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்தில் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகள் பல உள்ளன. ஒசூர் எல்லையை அடுத்த அப்பகுதியில் தமிழ் மக்கள் பலர் வாழ்ந்து பணிபுரிகின்றனர். நெடுநேரம் ஓடிய மோட்டாரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அது சுடுவதை அறிவார்கள். அச்சூட்டில் ஒரு பங்கு செம்புக் கம்பியிலிருந்து வருவது. கம்பி மின்சாரத்தை ஓரளவு தடுக்கிறது. அத்தடையினால் மின்சக்தியில் ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகிறது. மின்நிலையத்திலிருந்து நம் வீடு வரையுள்ள கம்பிகள் அனைத்திலும் இந்நஷ்டம் உண்டு.

தடையே இல்லாத கம்பி உண்டா? உண்டு என 1911-இல் காட்டினார் டச்சு விஞ்ஞானி காமர்லிங் ஓன்ஸ். பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிரச் செய்தபோது, அதன் மின்தடை சட்டென மறைந்தது. இத்தகைய பொருளை மீகடத்தி என்கிறோம். இது காந்தப் புலத்தையும் தன்னுள் நுழையவிடாமல் விலக்கும். இன்று மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலானவற்றில் மீகடத்திக் காந்தங்களே பயன்படுகின்றன. ஆயினும் அவற்றைத் திரவ ஹீலியத்தில் குளிர்விக்க வேண்டியிருப்பதால் செலவு மிகுதி.

1986-இல் பெட்னோர்ஸ், முல்லர் என்னும் இருவர் புதிய வகை மீகடத்தி ஒன்றைக் கண்டறிந்து, மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றனர். 1987-இல், மலிவாகக் கிடைக்கும் திரவ நைட்ரஜனின் குளிரிலேயே இயங்கும் மீகடத்திகள் கிடைத்தன. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆர். ராவ் குழுவினரும் அவ்வாண்டிலேயே அத்துறையில் முனைந்து உழைத்தனர். ஆனால் குளிர்விக்காமலே, நாம் வாழும் சாதாரண வெப்பநிலையில் இயங்கும் மீகடத்திதான் யாவரும் தேடும் பொருள்.

ஆனேக்கலிலிருந்து வெகு தொலைவில் இல்லாத அதே கழகத்திலிருந்து 2018 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. தங்கத்தினுள் வெள்ளியின் நுண்துகள்களைப் பதித்த பொருள், பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரியிலேயே மீகடத்தியாகிறது என அன்ஷு பாண்டே, தேவ் குமார் தாபா ஆகிய இருவரும் அறிவித்தனர். உலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்த பிரயன் ஸ்கின்னர் என்னும் பௌதிக அறிஞர் ஒரு வினாவை எழுப்பினார். எந்த அளவுகருவியும் சிறு நடுக்கத்துடன்தான் அளக்கும். அந்நடுக்கம் ஒழுங்கற்றது. ஒரே மழை பெய்தாலும் இரண்டு குளங்களில் துளிகள் ஒரே இடங்களில் ஒரே வரிசையில் விழுவதில்லை அன்றோ? ஆனால் அக்கட்டுரையில், வெவ்வேறு காந்தப் புலங்களில் எடுத்த இரண்டு அளவுகளில் நடுக்கம் அப்படியே ஒத்திருந்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதே அவர் வினா.

வினா எழுந்ததைக் கொண்டே எவரையும் குற்றவாளியாக்குதல் முறையன்று. பாண்டே குழுவினர் 2019 மே மாதத்தில், மேலும் பல அளவீடுகளுடன் விரிவான கட்டுரையை வெளியிட்டனர். எனினும் பிற ஆய்வுக்கூடங்கள் அதே முடிவைப் பெற்று உறுதிசெய்யாத நிலையில், விஞ்ஞான உலகம் அதனை நிறுவப்பட்ட உண்மையாக ஏற்கவில்லை.

2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. ஈயமும் செம்பும் சேர்ந்த எல்.கே.-99 என்னும் பொருள், 100 டிகிரிக்கு மேலும் மீகடத்தியாக இருக்கும் என்றார்கள். செய்முறையையும் வெளியிட்டார்கள். டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் உட்படப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் உடனே அதனைச் செய்து பார்த்தன. சில வாரங்களில் விடை கிடைத்தது: அது மீகடத்தி அன்று. அதில் கலந்திருந்த செம்புக் கந்தகச் சேர்மம், 104 டிகிரி அளவில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும்போது ஏற்பட்ட தடைக் குறைவே பலரை மயக்கிற்று.

இதனால் விஞ்ஞானம் தோற்றதெனக் கருதலாகாது. பொற்கொல்லர் பொன்னை உரைகல்லில் தேய்ப்பது பொன்னை அவமதிப்பதாகாது; விற்பவர் சொல்லை மட்டும் நம்பி விலை தருவதே பேதைமை. விஞ்ஞானிக்கு உரைகல், மற்றொருவரின் ஆய்வுக்கூடம். எல்.கே.-99 பற்றிய உண்மை விரைவில் துலங்கியதற்குக் காரணம், எவரும் செய்து பார்க்கக்கூடிய செய்முறை வெளிப்படையாகக் கிடைத்தமையே.

பெரிய கண்டுபிடிப்பென்று செய்தி வரும்போது, நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: வேறு யார் இதைச் செய்து பார்த்தார்கள்? தொழிற்பேட்டையில் உழைக்கும் தந்தையும், விஞ்ஞானம் பயிலும் மகளும் இவ்வினாவைக் கேட்கலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை. சாதாரண வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் இயங்கும் மீகடத்தி இன்னும் நம் கைக்கு வரவில்லை. வரும் நாளில் அதனை அறிவிப்பவர் ஒருவராக இருக்கலாம். உறுதிசெய்பவர் பலராக இருப்பர்.