உங்களுக்குத் தெரியுமா? மார்பகப் புற்றுநோயும் உடல் எடையும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16இல் 30.9%. 2019-21இல் 40.4%. இடையில் சில வருஷம்தான்!

*

நம் உடல்வாகுக்கு அளவுகோல் வேறு. உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே இந்தியர்களுக்கு அது அதிக எடை. 25ஐத் தொட்டால் உடல் பருமன். அதாவது 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு 53 கிலோவிலேயே முதல் எச்சரிக்கை, 58 கிலோவில் இரண்டாவது. பார்ப்பவர்கள் அவளைக் குண்டு என்றே சொல்ல மாட்டார்கள்.

*

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 82 ஆய்வுகளைச் சேர்த்து, மார்பகப் புற்றுநோய் வந்த 2,13,075 பெண்களின் கணக்கை 2014இல் வெளியிட்டார்கள். நோய் கண்டுபிடிக்கும் முன்பே உடல் பருமன் இருந்தவர்களுக்கு, சரியான எடை உள்ளவர்களைவிட இறப்பு அபாயம் 41% கூடுதல். மாதவிடாய் நிற்காதவர்களிடம் 75%. பி.எம்.ஐ. 5 புள்ளி ஏற ஏற, இந்த நோயாலேயே இறக்கும் அபாயம் 18% ஏறியது. அந்த 5 அடிப் பெண்ணுக்கு 5 புள்ளி என்பது சுமார் பதினொன்றரைக் கிலோ. இவையெல்லாம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். எடை மட்டுமே காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஆகவே நோய் வந்தவளைப் பார்த்து "நீ தின்னதுதான்" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அது அநியாயம்.

*

அதே ஆய்வில் மிகவும் மெலிந்தவர்களுக்கும் அபாயம் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது.

*

மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிடும், ஈஸ்ட்ரோஜன் ஓயாது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, உடம்பில் இருக்கும் வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலான வகைகளுக்கு அதுதான் தீனி. டாக்டர் பல வருஷம் தொடர்ந்து போடச் சொல்லும் லெட்ரோசோல் மாத்திரை தடுப்பது இந்த நொதியைத்தான். வலி இல்லை, கட்டி இல்லை என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

*

பல புற்றுநோய்களில் உடம்பு உருகும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சையிலோ பலருக்கு எடை ஏறும். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். அசதியில் நடமாட்டம் குறையும். சிகிச்சையாலேயே மாதவிடாய் முன்கூட்டி நின்றுபோவதும் உண்டு. பார்க்க வருகிறவர்களோ கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, "என்னம்மா இப்படி எளச்சிப் போயிட்ட, நல்லா சாப்புடு" என்பார்கள். அன்புதான். ஆனால் அந்த வீட்டுக்கு முட்டையும் பயறும் கீரையும் வாங்கிப் போவது மேல். சாயங்காலம் அவளோடு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தால் இன்னும் மேல்.

*

கீமோ மருந்தின் அளவை நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். பருமனான பெண்களுக்குப் பக்கவிளைவு கூடிவிடுமோ என்று அஞ்சி மருந்தைக் குறைத்துக் கொடுத்த காலம் உண்டு. பலன் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதி, முழு எடைக்கும் உரிய அளவையே கொடுக்கும்படி அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2012இல் பரிந்துரைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறச் சொல்லும் நர்ஸம்மா காரணத்தோடுதான் சொல்கிறார்.

*

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எடையையும் இன்சுலினையும் குறைக்கும், மார்பகப் புற்றுநோய் மறுபடி வருவதையும் தடுக்குமா? சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: மொத்தத்தில் பலன் இல்லை.

*

எடையைவிட முக்கியமானது, கட்டியை எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பது. பெரிய மார்பில் சிறிய கட்டி கைக்குச் சீக்கிரம் தட்டுப்படாது. மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருஷம் கவனித்தது. மேமோகிராம் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 2 வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள், அவ்வளவே. 50 வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30% குறைந்தது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதே பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.