ஆயிரம் இலைக்கு ஒரே சாம்பார்

வீட்டில் நாலு பேருக்குச் சாம்பார் வைப்பவரிடம் அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்பார். அதே சாம்பாரை ஆயிரம் இலைக்கு வேறு யாரோ வைக்க வேண்டும், முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ருசி மாறக் கூடாது என்றால் கண்ணளவு கைகொடுக்காது. அதனால்தான் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் துவரம்பருப்பைக் கிலோவிலும் பெருங்காயத்தைக் கிராமிலும் மளிகை லிஸ்ட்டில் எழுதித் தருகிறார்.

ஃபேஷன் டிசைனரின் பிழைப்பும் இந்தக் கல்யாண அடுப்படிதான். ராம்ப்பும் கேமராவும் இலை போட்ட பிறகு நடக்கும் உபசாரம். திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி ஒன்றின் டிசைன் அறையில் புதிதாகச் சேரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் படம் வரைவது கொஞ்ச நேரம்தான். வரைந்ததை முன்பின் பார்த்திராத ஒரு டைலர் பிசகாமல் தைக்கும்படி எழுதுவதில்தான் மீதி நாள் போகும்.

முதலில் மெனு. வெளிநாட்டுக் கடையில் அடுத்த கோடைக்குத் தொங்கப்போகும் டி-ஷர்ட்டுக்கான பேச்சு கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிடும். அந்த மெனுவை யார் போடுவது? வாடிக்கையாளர் கேட்டதைத் தைத்துத் தருவதே தையல் என்றிருந்த காலத்தில், 1858-இல் பாரிசில் கடை திறந்த சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் தானே உடைகளை வடிவமைத்து, பெண்களுக்கு உடுத்திக் காட்டி, இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தார். சமையற்காரரே மெனு போட்டார். திருப்பூரில் அந்த அதிகாரம் இன்னும் பெரும்பாலும் ஆர்டர் தரும் பையரிடம்தான் இருக்கிறது. டிசைனர் சொல்லும் பத்து அயிட்டத்தில் இரண்டு தேறினாலே அது நல்ல சீசன்.

தேறிய அயிட்டத்துக்கு எழுதும் மளிகை லிஸ்ட்டும் செய்முறையும் சேர்ந்ததுதான் டெக் பேக். அதில் "அழகான கழுத்து" என்று எழுத முடியாது. கழுத்து அகலம் 18 செ.மீ., முன்பக்க இறக்கம் 9 செ.மீ., ரிப் பட்டை 2 செ.மீ. என்று எழுத வேண்டும். தோள் தையலை எந்த மெஷினில் போடுவது, கீழ்மடிப்புக்கு ஓவர்லாக்கா பேட்லாக்கா, நூல் என்ன நிறம், லேபிள் கழுத்திலா இடுப்பிலா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற சலுகையும் உண்டு. எழுதாமல் விட்டதை டைலர் தன் வழக்கப்படி தைப்பார். அது அவர் குற்றமில்லை.

சரக்கு நன்றாக இருந்தால்தான் பண்டம் நன்றாக வரும் என்பார்கள். இங்கே சரக்கு என்பது துணி. டிசைன் அறையின் மேசையில் வட்டமான ஜிஎஸ்எம் கட்டர் ஒன்று இருக்கும். துணியை ரப்பர் மேட்டில் விரித்து, கட்டரை மேலே வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் 100 சதுர செ.மீ. பரப்புள்ள வட்டத் துண்டு வரும். அதைச் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் போட்டால் 1.8 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். நூறால் பெருக்கினால் 180. ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். 150 ஜிஎஸ்எம் துணி உடம்போடு ஒட்டி வழியும். 180 கொஞ்சம் கட்டுமஸ்தாக நிற்கும். பனியன் துணியின் கணக்கெல்லாம் கிலோவில் என்பதால், அந்த 30 ஜிஎஸ்எம் துணிச் செலவில் 20 சதவீதத்தை ஏற்றிவிடும். ஒரு டி-ஷர்ட்டைத் தைத்து முடிக்க ஆகும் செலவில் பாதிக்கும் மேல் துணிதான். ஆகவே "கொஞ்சம் கனமா இருக்கட்டும்" என்று டிசைனர் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது.

துணி கீரை மாதிரி சுண்டும். தைத்த பிறகு வாஷிங்குக்குப் போகும் ஸ்டைலில் நீளவாக்கில் 5 சதவீதம் சுருங்கும் துணி என்றால், முடிவில் 70 செ.மீ. நிற்க வேண்டிய உடம்பு நீளத்தைப் பேட்டர்னில் ஏறக்குறைய 73.7 செ.மீ. வெட்ட வேண்டும். நிறத்துக்கும் பதம் பார்க்க வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து ஏ, பி, சி என்று, சோதனைக்காகச் சாயமேற்றிய லேப் டிப் துண்டுகள் வரும். அவற்றை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால் போதாது. லைட் பாக்ஸில் பகல் வெளிச்சமான டி65-இல் ஒத்துப்போன நிறம், கடை வெளிச்சமான டிஎல்84-இல் பல்லிளிக்கும்.

அடுத்து உப்பு பார்ப்பது. புரோட்டோ, ஃபிட், சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பிபி என்று பையருக்குச் சாம்பிள் மேல் சாம்பிள் போகும். புதிதாக வந்தவருக்கு இங்கே உண்மையான வாத்தியார் சாம்பிள் டைலர்தான். காலேஜில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்த பெண், சின்ன வட்டக் கழுத்துக்கு சாட்டின் பட்டை வைத்து ஆசையாய் வரைந்து தந்திருப்பார். டைலர் பேப்பரை ஒரு தடவை பார்ப்பார். "மேடம், கழுத்து நல்லாத்தானுங்க இருக்கு. தலை எப்படிங்க நுழையும்?" சாட்டின் இழுபடாது. பெரியவர் தலைச்சுற்று 56, 57 செ.மீ. இருக்கும். அந்தக் கழுத்துக்குப் பின்னால் ஒரு திறப்பும் பட்டனும் வைத்தாக வேண்டும். பட்டன் வந்தால் காஜா வரும், கூடவே கூலியும் ஏறும்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது, ஒரு சைஸின் பேட்டர்னை மற்ற சைஸ்களுக்கு ஏற்றி இறக்கும் கிரேடிங். பத்துப் பேருக்கான சாம்பாரை நூறு மடங்காக்க உப்பையும் மிளகாயையும் அப்படியே நூறால் பெருக்குகிறவர் மாட்டிக்கொள்வார். உடம்பும் அப்படித்தான் எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் பெருக்காது. எம் சைஸிலிருந்து எல் சைஸுக்கு மார்புச் சுற்று 5 செ.மீ. கூடலாம், கழுத்து அகலம் அரை, முக்கால் செ.மீ. கூடினால் போதும். மார்புக்கு ஏற்றிய விகிதத்திலேயே கழுத்தையும் ஏற்றினால், டபுள் எக்ஸ்எல் போட்டவருக்குக் கழுத்து தேவைக்கு மேல் அகண்டுவிடும்.

இந்த வேலைக்கு எப்படி வருவது? மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனமான நிஃப்ட் 1986-இல் டெல்லியில் தொடங்கியது. சென்னை வளாகம் 1995-இல் வந்தது. பி.டெஸ். நாலு வருஷப் படிப்பு. நுழைவுத் தேர்வில் வரைவதோடு, கொடுத்த பொருளை வைத்துக் கையால் ஒன்றைச் செய்துகாட்டும் சிச்சுவேஷன் டெஸ்ட்டும் உண்டு. சொந்தமாகக் கடை போடுவது பலரின் கனவு. கொல்கத்தா நிஃப்ட்டில் 1999-இல் படித்து முடித்த சப்யசாச்சி முகர்ஜியின் பிராண்டில் 51 சதவீதப் பங்கை 398 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஃபேஷன் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. இப்படி ஒருவர் இருவர்தான். மற்றவர்கள் அசிஸ்டென்ட் டிசைனராகவோ மெர்ச்சன்டைசராகவோ சேர்ந்து, பையர் கமென்ட்டும் கட்டிங் மாஸ்டரின் முணுமுணுப்பும் காதில் ஏற ஏறத்தான் தேறுகிறார்கள். துணி விரயமாகிறது, இந்த வளைவை ஒரு விரற்கடை நிமிர்த்தித் தாருங்கள் என்று கட்டிங் மாஸ்டர் கேட்டால், நிமிர்த்துவதா முரண்டு பிடிப்பதா என்று முடிவெடுக்கத் தெரிந்தவரைத்தான் சீனியர் டிசைனர் என்கிறோம்.

பிபி சாம்பிளுக்குப் பையர் ஓகே சொன்னதும் அதற்கு சீல் வைத்துத் தையல் லைனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் தைக்கும்போது சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர் அந்தப் பீஸைத்தான் எடுத்துப் பார்ப்பார். டிசைனரைக் கூப்பிட மாட்டார். அதற்குள் டிசைனர் அடுத்த சீசன் மெனுவில் இருப்பார். வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறவர்கள் போர்ட்ஃபோலியோவோடு, தாங்கள் செய்த இரண்டு மூன்று பீஸையும் கையோடு கொண்டுபோவது நல்லது. விவரமான முதலாளி படங்களைச் சட்டென்று புரட்டிவிட்டு, பீஸை உள்பக்கமாகத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தபடி கேட்பார்: "இதுக்கு என்ன ஜிஎஸ்எம்? துணி எவ்வளவுங்க ஆச்சு?"